முன்கூட்டிச் சொன்ன சாட்சி

செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. பதினோரு வருஷமாக மற்றவர்களின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, ரப்பர் குமிழ்களை ஒட்டி, "மூச்சைப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதயத்தில் ஒன்றும் இருக்காது. பயம்தான் இருக்கும். அது காகிதத்தில் விழாது. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி என்று தெரிந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஊரப்பாக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். உட்கார இடம் கிடைத்திருந்தது. எதிரே ஒரு பெண் பட்டாணி சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். மறைமலைநகர் தாண்டியதும் காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை மரத்துப்போனது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி பெஞ்சில் சுருண்டு படுத்தேன். சாகவில்லை. அரை மணி கழித்து அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். இதில் உள்ள கேவலமே இதுதான். செத்துப் பிழைத்து வந்தாலும் ராத்திரிக்கு ரசம் வைத்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வந்தது. பிறகு தினமும். சாப்பாட்டு இடைவேளையில் அறையைப் பூட்டிக்கொண்டு எனக்கு நானே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடுகிற மாதிரி அழகாக வரும். அந்த அழகைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். என் கணவர் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். நல்லவர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர் நம்பமாட்டார், கடவுளைத் தவிர.

"மிஷினே ஒன்னும் இல்லன்னு சொல்லுது. அப்புறம் இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்பார்.

நாங்கள் திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருந்தோம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கீபோர்டு, டிரம்ஸ், நூறு நூற்றைம்பது பேர். பிறந்ததிலிருந்தே நான் கிறிஸ்தவள். முழங்கால் போட்டு ஜெபிப்பது எனக்குப் பல் துலக்குவது மாதிரிப் பழக்கம். பயம் வந்த பிறகு இரண்டு வருஷம் அதுவும் முடியாமல் போனது. கண்ணை மூடினால் இதயத்தின் சத்தம் பெரிதாகக் கேட்கும். வாய் ஆண்டவரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருக்கும், காது முழுக்க என் நெஞ்சின் மேலேயே இருக்கும். கடவுளுக்குக் காது கொடுக்க என்னிடம் மிச்சமே இல்லை. எங்கள் சபையில் பயம் என்றால் அது விசுவாசக் குறைவு. பயப்படாதே என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், பயந்து தொலைக்கிறேனே, என்ன செய்யச் சொல்கிறீர் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் கோபம் என்று வெளியே சொல்ல முடியாது.

கடைசியில் ஒரு நாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓ.பி.யில் போய் நின்றேன். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அங்கேயே ஒரு முறை நெஞ்சடைத்தது. இளவயது டாக்டர். பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாதும்மா. குறைக்கிறதா இருந்தா நான் சொல்ற மாதிரிதான் குறைக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரையைக் காலியான பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அதே சமயம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போனேன். பாஸ்டரம்மா, அதாவது பாஸ்டரின் மனைவி, என் தலையில் எண்ணெய் பூசி அழுதழுது ஜெபித்தார். அந்த அழுகை உண்மை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நாலாவது வாரம் தூக்கம் வந்தது. சோறு தொண்டையில் இறங்கியது. ஜெபத்தாலா, மாத்திரையாலா என்று யோசிக்க எனக்கு இஷ்டமில்லை. பாஸ்டரம்மாவிடம் கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க சிஸ்டர்."

"இன்னும் முழுசா சரியாகலைங்கம்மா."

"முழுசா ஆனப்புறம் சொன்னா அது நன்றி சிஸ்டர். ஆவறதுக்கு முன்னாடியே சொன்னாத்தான் அது விசுவாசம்."

எங்கள் சபையில் இது புதிதல்ல. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக வந்து மைக்கில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வேலை கிடைத்துவிட்டது என்று விசா வருவதற்கு முன்பே சாட்சி சொன்னவர்கள் உண்டு. குழந்தை கொடுத்தார் என்று நாள் தள்ளிப்போவதற்கு முன்பே சொன்னவர்கள் உண்டு. முதலில் சொல்லிவிட வேண்டும், பிறகு நடப்பதற்குக் காத்திருக்க வேண்டும். நடக்காவிட்டால் யாரும் திரும்ப மைக்கைப் பிடித்துச் சொல்வதில்லை. கேட்பதும் இல்லை.

அந்த ஞாயிறு எனக்கு முன்னால் ஓர் அண்ணன் தன் சிறுநீரகத்தில் இருந்த கல் கரைந்ததைச் சொல்லி, சபையையே எழுந்து நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் போய், "படபடப்பா இருந்துச்சு, இப்போ கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று ஆரம்பித்தேன். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது. எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயில் என்ன வருகிறது என்று தெரியாமலே சொன்னேன்:

"மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். இனிமே எனக்கு ஆண்டவர்தான் மாத்திரை."

கூரை அதிரக் கைதட்டினார்கள். அல்லேலூயா என்று கத்தினார்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி கூடவே இழுத்தான். இடத்துக்குத் திரும்பி வந்தபோது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் பவுடர் டப்பாவைத் திறந்து வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் உறுத்தியது. நாலாம் நாள் பழகிவிட்டது.

இரண்டரை வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, டாக்டர் சீட்டோடு ஒரு பெண் ஈ.சி.ஜி. எடுக்க வந்தாள். முப்பது வயது இருக்கும். கட்டிலில் படுக்கவைத்து ஒயர்களை மாட்டி பட்டனை அழுத்தினேன். கோடு சுத்தமாக வரவில்லை. கம்பளிப்பூச்சி மாதிரி முழுக்க மயிர் மயிராக வந்தது. உடம்பு நடுங்கினால் அப்படி வரும். குளிர்கிறதா என்று கேட்டு ஏ.சி.யை அணைத்தேன். மறுபடியும் அதே. மூன்றாம் முறை அவள் கையை என் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தேன். அப்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு மைக்ல பேசுன அக்கா நீதான?"

ஆமாம் என்றேன்.

"நானும் வுட்டெறிஞ்சிட்டேன்கா. அன்னிக்கி சாயங்காலமே. மூணு வருசமா துன்னுகினு இருந்த மாத்திர. முகத்துவாரத்துல நின்னுகினு கவரோட வீசிட்டேன்."

"எத்தனை நாள் ஆச்சு?"

"பதினேழு நாளு. தூக்கமே வர்லக்கா. கை பாரு, இப்டி ஒதறிகினே கீது. இன்னா மருந்து துன்றன்னு இந்த சீட்டு எழுதுன டாக்டரு கேட்டாரு, நான் ஒன்னும் இல்லன்னுட்டேன். சைத்தான் லேசுல வுட மாட்டான், பொறுத்துக்கோன்னு பாஸ்டரம்மா சொன்னாங்க. நீ எப்டிக்கா தாங்குன?"

மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரி. கரையில் மீன் எடுத்துக் கூடையில் வைத்து திருக்கழுக்குன்றத்தில் விற்கிறவள். வீட்டில் எல்லோரும் ஊர் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். இவள் மட்டும் ஒரு வருஷமாக பஸ் பிடித்து எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தாள், கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. என் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவு சாத்தியிருந்தது. "நான் நிறுத்தலம்மா, தினமும் போடறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "ஜெபம் பண்றேம்மா" என்று சொல்லி காகிதத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான்.

அடுத்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. மாத்திரை போட்டும் தூக்கம் இல்லை. அவள் கடலில் இறங்குகிற மாதிரியே தோன்றிக்கொண்டிருந்தது. ஆண்டவரே, அவளை நீர் பார்த்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன். பாதி ஜெபத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, என் பொய்யை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று. அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. கூப்பிட யாருமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பயத்தைவிட அது மோசம். பயத்திலாவது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதில் எல்லாம் அடங்கிப்போய்க் கிடந்தது.

சனிக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையையும் சேர்த்து.

"அப்போ சாட்சி சொன்னது?" என்று கேட்டார்.

"பொய்."

"நான் அங்க அழுதேனே," என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் ஈ.சி.ஜி.க்கு வந்தபோது ரிஜிஸ்டரில் எழுதிய விலாசத்தைக் குறித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் ரிசார்ட்டின் நீச்சல்குளம். வாசலில் அவள் புருஷன் வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே போங்க என்று தலையசைத்தான். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எட்டு நாளாக வியாபாரத்துக்குப் போகவில்லை என்றாள். கூடை கவிழ்த்துக் கிடந்தது.

"அவரு கடல்ல கீறப்போ எனக்கு ஒன்னுமில்லக்கா. சின்ன வயசுலேர்ந்து பாத்ததுதான? வூட்ல வந்து படுத்தாருன்னா அப்பத்தான் புடிச்சிக்கும். மூச்சு வருதா வருதான்னு மூக்காண்ட கைய வெச்சிகினு ஒக்காந்துகினு இருப்பேன்."

அந்தப் பயத்துக்குத்தான் அவளுக்கு மூன்று வருஷ மாத்திரை. நான் சொன்னேன். நான் மாத்திரையை நிறுத்தவே இல்லை, சாட்சியில் சொன்னது பொய், நீ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஆண்டவரு சந்நிதில, அத்தினி பேரு முன்னாடி மைக்ல சொன்ன. இப்போ வூட்டுக்குள்ளார வந்து குசுகுசுன்னு வேற சொல்ற. நான் எத்தக்கா நம்பறது?"

"இதை நம்பும்மா. இதுதான் உண்மை."

"உனுக்கு அந்த பயம் திரும்ப வந்துட்டாப்ல கீது. நீ விசுவாசத்துலேர்ந்து பின்வாங்கிட்டக்கா. பரவால்ல, நான் உனக்காவ ஜெபம் பண்றேன்." நடுங்குகிற கையை என் தலையில் வைத்து உண்மையாகவே ஜெபம் பண்ணினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஓர் அம்மா என்ன ஏது என்று கேட்காமல் என் மடியில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தாள். அதைச் சாப்பிடக்கூட முடியவில்லை. குப்பத்தில் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திருப்பி வாங்க முடியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

சாட்சி நேரத்தில் நான் எழுந்தபோது கணவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். போனேன். கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே அவள் இருந்தாள். முதலில் அவளைத்தான் பார்த்தேன். பிறகு மைக்கைப் பார்த்துப் பேசினேன்.

"போன மாசம் நான் சொன்ன சாட்சி பொய். நான் மாத்திரையை நிறுத்தல. இன்னிக்கி வரைக்கும் போடறேன். எனக்குப் பயம் போகல. இப்போகூட இருக்கு. என் பேச்சைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, தயவுபண்ணி டாக்டர்கிட்ட போங்க."

பாஸ்டர் மெதுவாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கோபம் இல்லாமல்தான் பேசினார். "சிஸ்டர் பெரிய போராட்டத்துல இருக்காங்க. எல்லாரும் அவங்களுக்காக ஜெபிப்போம்" என்றார். பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்று என் தலையில் கை வைத்தார்கள். ஐந்தாறு கைகள், பிறகு பத்துப் பன்னிரண்டு. எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். டிரம்ஸ் ஆரம்பித்தது. தலைகள் வெளிச்சத்தை மறைத்தன. எனக்குக் காற்று வரவில்லை. கையை எடுங்க என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். பரிசுத்த ஆவியானவர் என் மேல் இறங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினார்கள்.

"எடுங்க கைய! எடுங்கன்றேன்! அக்காவுக்கு மூச்சு முட்டுது, கண்ணு தெரியல உங்களுக்கு?"

மீன் சந்தையில் கூவுகிற தொண்டை. டிரம்ஸ் நின்றது. அவள் பெண்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, செருப்புகள் குவிந்து கிடந்த படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் டிரம்மிலிருந்து மொண்டு என் முகத்தில் அடித்தாள். இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

"நெசமாத்தான் சொன்னியா?" என்றாள்.

"நெசம்."

என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அழுதாள்.

"அப்போ நமக்கு இது போவவே போவாதாக்கா?"

போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். அது என் வாயில் தயாராகவே இருந்தது. "தெரியலம்மா" என்றேன். ஜெபமாவது பண்ணுக்கா என்று அவள் கேட்டதற்காகப் பண்ணினேன். ஆண்டவரே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது, கூட இரும் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கண்ணை மூடியபடியே இன்னும் வரும் என்று காத்திருந்தவள், வரவில்லை என்றதும் ஆமென் சொன்னாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அவளோடு நின்றேன். அவளுக்கும் எனக்கும் ஒரே டாக்டர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவள் கையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. இப்படித் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்று சத்தம் போட்டார். "யாரும்மா உன்னை நிறுத்தச் சொன்னது? பேரைச் சொல்லு" என்றார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"யாரும் சொல்லல சார்," என்றாள் அவள். "நானாத்தான் வுட்டேன். இவங்க என் அக்கா. இவங்கதான் என்னிய இட்டாந்தாங்க."

அவர் திட்டிக்கொண்டே புதிதாக எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்கும்போது, டாக்டரிடம் ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

அந்தச் சபைக்கு நாங்கள் இப்போது போவதில்லை. கணவர் என்னோடு சாதாரணமாகப் பேச ஆறு மாதம் ஆயிற்று. அவள் மறுபடியும் மீன் விற்கிறாள், தூக்கம் பாதிதான் திரும்பியிருக்கிறது என்கிறாள். எனக்கும் பயம் போகவில்லை. இந்த வாரம்கூட ரயிலில் ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கினேன். ஜெபம் பல நாள் வருவதே இல்லை. மன்னிப்பு, சமாதானம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த வரிசையில் அவள் எனக்குச் சொன்ன பதில் ஒன்றுதான் இன்றைக்கும் என்னைக் கடவுளிடம் பிடித்து வைத்திருக்கிறது.

"அந்தாளு உன்னத் திட்டுனா நீ தாங்க மாட்டக்கா," என்றாள். "நீயே பயந்துகினு கீற."